குடிக்காததை வழிமொழிய ஓர் ஆள்

உங்கள் அம்மா உங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வேலணைக்கு, மாமா வீட்டுக்குப் போன அன்றைக்கு நான் குடித்திருக்கவில்லை. அதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். சொந்தக்காரர் பலர் பலவிதமாக உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். குடிவெறியில் அடித்துத் துரத்தினேன் என்று ஒருவர் சொன்னதாகவும் கேள்வி. அப்படியில்லை. அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை, கள்ளுத் தவறணை பூட்டு. நான் வாளிக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா பெட்டியோடு வந்து முன்னால் நின்றார்.

“இஞ்சேருங்கோ, நிதானத்தில இருக்கேக்கை சொல்லவேணும் எண்டுதான் போயா வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நான் அண்ணை வீட்டை போறன்.”

“ஏன்?” என்றேன்.

“ஏனெண்டும் கேக்கிறீங்கள், பாத்தீங்களே.”

பிறகு அம்மா தன் நிபந்தனையைச் சொன்னார். நான் தொடர்ந்து அறுபது நாள் குடிக்காமல் இருக்கவேண்டும். தை மாதம் பள்ளிக்கூடம் துவங்க முதல் அது முடியவேண்டும். முடியாவிட்டால் உங்களை வேலணைப் பள்ளிக்கூடத்தில் பதிந்துவிடுவார். “குடிக்கேல்லை எண்டு நீங்கள் வாயால சொல்லுறதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. ஆரேன் நாலு பேர் எழுத்தில தரட்டும்.”

வேலணை ஒன்றும் தூரமில்லை, சைக்கிளில் போனால் வியர்வை வருவதற்குள் வந்துவிடும். ஆனால் மாமா ஒரு சொல் சொல்லியிருந்தார்: ஒருக்கால் அங்கே பேர் பதிந்தால் பிறகு திரும்பிப் போவதென்ற பேச்சில்லை. மாமா சொன்னால் செய்கிற ஆள். நான் பயந்தது அதற்குத்தான்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தெற்கில் எங்கள் கடை எரிந்ததும், நான் உடுத்திருந்த சாறமும் சேட்டுமாகச் சொந்த ஊர் சுருவிலுக்கு வந்து இறங்கியதும் உங்களுக்குத் தெரியும். அதை நான் காரணமாகச் சொல்லமாட்டேன். பக்கத்துக் கடைக்காரருடைய கடையும் அதே நாளில்தான் எரிந்தது. அவர் ஊருக்கு வந்து மிளகாய்த் தோட்டம் செய்தார். நான் தவறணைக்குப் போனேன். மூன்று வருடம் போனேன்.

ஊர்காவற்றுறை ஆசுபத்திரியில் டொக்டரிடம் மருந்து கேட்டேன். அவர் என் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, “உதுக்குக் குளிசை இல்லைக் காணும். தனிய இருந்து விட ஏலாது. விடப் பாக்கிற ஆக்களோட சேர்ந்து இரும். எங்கையேன் அப்பிடி ஒரு கூட்டம் நடக்குதோ எண்டு தேடும்,” என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். டொக்டர் சொன்னால் அப்படியே செய்கிறவன். தேடினேன்.

முதல் கூட்டம் தேடிப் போகாமலே கிடைத்தது. ஊர்காவற்றுறையில் மாதா கோயிலடியில் சனிக்கிழமை பின்னேரங்களில் குடியை விடுகிற ஆட்களைப் பாதர் ஒருவர் கூட்டி வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் இருந்தார்கள், அநேகம் கடற்தொழிலாளர். நான் பின்னால் ஒதுங்கி இருந்தேன்.

“நீர் எந்தப் பங்கு?” என்று பாதர் கேட்டார்.

“நான் சுருவில், பாதர். சைவம்.”

“அதுக்கென்ன, குடி சமயம் பாத்தே வருது? இரும்.”

இருந்தேன். ஒவ்வொருவரும் தங்கள் கதையைச் சொன்னார்கள். என் கதையைச் சொல்லாமலே எனக்குப் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. இதுதான் எனக்குரிய இடம் என்று நினைத்துக்கொண்டு வெளியில் வந்தேன். வந்த இடத்தில் எங்கள் ஊர் ஆள் ஒருவர் மீன் பையோடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

திங்கட்கிழமை விடியவே மாமா திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்துவிட்டார்.

“மச்சான், ஒளிக்காமல் சொல்லும். என்ன பேர் வைச்சவங்கள்?”

“என்ன பேர்?”

“ஞானஸ்நானப் பேர்.”

“நான் குடியை விடப் போனனான், மச்சான்.”

“குடியை விட ஆரேன் சமயம் மாறுவினமே? வீட்டில இருந்து விட ஏலாதே?”

“வீட்டில இருந்துதானே மூண்டு வருசமா விடுறன்.”

அவர் திருநீற்றை என் நெற்றியில் மூன்று விரலாலும் அழுத்திப் பூசிவிட்டு, அம்மா சொல்லிவிட்டதையும் சொன்னார்: “சமயத்தை விடச் சொல்லி நான் கேக்கேல்லை எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ.” அந்தக் கிழமை முழுவதும் ஊர் என்னைப் புதிதாகப் பார்த்தது. சந்திக் கடைக்காரர், “அண்ணை, இனி ஞாயிற்றுக்கிழமையளில கடைக்கு வருவியளோ, பூசைக்குப் போவியளோ?” என்று கேட்டார். குடிகாரனாக இருந்தபோது ஒருவரும் என்னிடம் இவ்வளவு அக்கறையாகக் கேள்வி கேட்டதில்லை. அங்கே இன்னொரு தரம் போனால் மாமாவுக்கு ஒரு காரணம் கூடிவிடும் என்று பயந்து நிறுத்தினேன்.

இரண்டாவது கூட்டம் நவராத்திரி நாட்களில் எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் நடந்தது. ‘மதுவின் தீமைகள்’ என்று தலைப்பு. பட்டணத்திலிருந்து பேச்சாளர் வந்திருந்தார், கரை வைத்த சால்வை, நல்ல குரல். தான் பிறந்த நாள் முதல் ஒரு துளி மதுவும் தொட்டதில்லை என்று சொல்லித் தொடங்கினார். மண்டபம் நிறையப் பெண்களும் பிள்ளைகளும். குடிக்கிற ஆட்கள் என்று பார்த்தால் நானும் ஒலிபெருக்கிக்காரரும்தான்.

அவர் கள்ளின் தீமையைச் சொல்லவேண்டுமென்றால் முதலில் கள்ளைச் சொல்லவேண்டும் அல்லவா? சொன்னார். வெயில் ஏறுமுன் மரத்தால் இறங்கிய கள்ளு முட்டி, விளிம்பில் தளும்பும் நுரை, ஓலையில் மடித்த பிளாவில் வார்க்கும்போது வருகிற சத்தம், அதன் குளிர், தொண்டையில் இறங்கும்போது ஏற்படும் மெல்லிய புளிப்பு, பக்கத்தில் வாழையிலைத் துண்டில் சுடச்சுடப் பொரித்த மீன். “அந்த முதல் மிடறுதான், தாய்மார்களே, யமனின் அழைப்பு!” என்றார். ஒரு துளியும் தொடாத மனிதர் இவ்வளவையும் எப்படி அறிந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒலிபெருக்கிக்காரர் எச்சில் விழுங்கியது ஒலிபெருக்கியில் கேட்டது. நன்றியுரை தொடங்க முன்னரே நாங்கள் இரண்டு பேரும் தவறணையில் இருந்தோம்.

தவறணைக்காரர் எங்களைக் கண்டதும் சிரித்தார். “கூட்டம் முடிஞ்சுதோ? அந்த மனுசன் வந்து பேசுற நாளில எனக்கு எப்பவும் நல்ல யாவாரம்.”

அவர் என்னிலும் இரண்டு வயது இளையவர், அமைதியான ஆள். நான் இரண்டாம் பிளாவுக்குக் கை நீட்டியபோது வார்க்காமல் நின்றார்.

“அண்ணை, வாக்கிறது என்ர தொழில், நான் குறை சொல்ல ஏலாது. ஆனா நேற்று வேலணைச் சந்தியில உங்கட மூத்த பிள்ளையைக் கண்டனான். என்னைக் கண்டிட்டு மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போகுது. எனக்கு அது ஒரு மாதிரிக் கிடக்கு.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நயினாதீவில ஒரு சங்கம் இருக்குதாம், குடியை விடுற ஆக்களுக்கு. என்ர ரெண்டு நல்ல வாடிக்கைக்காரர் அங்கை போய்த்தான் கெட்டுப்போச்சினம். இந்தப் பக்கமே வாறேல்லை.”

இப்படித்தான், நல்ல கூட்டம் எது என்று எனக்குச் சொன்னவர் தவறணைக்காரர்.

சங்கம் வெள்ளிக்கிழமை தோறும் கூடியது. சுருவிலிலிருந்து சைக்கிளில் வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் துறைக்குப் போய், அங்கிருந்து மோட்டர் வள்ளத்தில் நயினாதீவு. எங்கே போகிறேன் என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்காவிடம், “அம்மன் கோயிலுக்கு,” என்று சொல்லிவிட்டேன். அதில் பொய் இல்லை, கும்பிட்டுவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போவதாக இருந்தேன். ஆனால் அக்கா உள்ளே போய் ஒரு தேங்காயைக் கொண்டுவந்து தந்தார். “என்ர மூத்தவன்ர பேரில ஒரு அருச்சினை செய்துவிடுங்கோ, தம்பி.” அடுத்த வெள்ளி நாலு வீட்டார் தந்தார்கள். அதற்கடுத்த வெள்ளி சைக்கிளின் பின்னால் சாக்குக் கட்டவேண்டியதாயிற்று. ஒரு மாதத்துக்கு முன் வேதக்காரனாகப் போய்விட்டதாகச் சொன்ன அதே ஊர், அம்மன் பக்தன் என்று எனக்கு வழி விட்டது. பதினொரு பேருடைய பேரும் நட்சத்திரமும் எழுதிய கடதாசியை வாசித்து முடிக்க ஐயருக்கும் எனக்கும் மூச்சு வாங்கும். அதற்குப் பிறகு ஓட்டமாகச் சங்கத்துக்குப் போவேன்.

சங்கத்தின் பெயர் ‘மதுவை விட முயல்வோர் சங்கம்’. சனசமூக நிலையத்து வாசிகசாலையில் கூடுவார்கள். செயலாளர் இளைப்பாறிய தபாலதிபர். நாற்பது வருட உத்தியோகத்தில் ஒரு கடிதமும் தவறவிடாதவர், பின்னேரங்களில் மட்டும் தன்னைத் தவறவிட்டவர். குடிக்கிறவர்கள் கூடினாலும் சங்கம் சங்கம்தான், ஒழுங்கு வேண்டும் என்பது அவருடைய கட்சி. யாப்பு இருந்தது. நிறைவெண் ஐந்து, அதற்குக் குறைந்தால் கூட்டம் இல்லை. தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், தனாதிகாரி, கணக்காய்வாளர் என்று ஆறு பதவி, அதற்கு ஆறு ஆட்கள். நான் போனபோதுதான் முதன்முறையாக உறுப்பினர் என்று சொல்ல ஒருவர் கிடைத்தார். எழும்பி நின்று கைதட்டினார்கள்.

தேவாரம் பாடி, வரவேற்புரை நிகழ்த்தி, கடந்த கூட்ட அறிக்கையைச் செயலாளர் வாசித்தார். “உபதலைவர் அவர்கள் கடந்த புதன்கிழமை அரைப் போத்தல் சாராயம் அருந்தியதைச் சபைக்கு மனம் திறந்து அறியத்தந்தார். பிழைதிருத்தம் உண்டா?”

உபதலைவர் எழுந்தார். “தலைவர் அவர்களே, அது முக்கால் போத்தல்.”

“போன வெள்ளி அரை எண்டுதானே காணும் சொன்னனீர்?”

“போன வெள்ளி வெக்கமாக் கிடந்தது.”

திருத்தம் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்டது. சிரிப்பு வந்தாலும், பிள்ளைகளே, அந்த மனிதர் கால் போத்தலை ஒரு கிழமையாக நெஞ்சில் சுமந்திருந்து வந்து இறக்கினார் என்பது எனக்குத் தெரிந்தது. இந்த இடம் எனக்குச் சரி என்று நினைத்தேன்.

என் முறை வந்தது. “தலைவர் அவர்களே, நான் ஏழு நாளாகக் குடிக்கவில்லை.”

“இதை ஆர் வழிமொழியிறது?” என்று செயலாளர் கேட்டார்.

ஒருவரும் கை தூக்கவில்லை. மற்றவர்கள் ஒரே தீவார், அல்லது புங்குடுதீவில் பக்கத்து வீட்டார். ஒருவர் குடிப்பது மற்றவருக்குத் தெரியும். சுருவில் ஆள் நான் ஒருவன்தான்.

“நான்தானே சொல்லுறன்,” என்றேன்.

“நீர் முன்மொழியலாம். முன்மொழிஞ்சவரே வழிமொழிய ஏலாது.”

“அப்ப நான் குடிச்சனான் எண்டு எழுதுவீங்களோ?”

“அதுக்கும் வழிமொழிய ஆள் வேணும்.”

வாயில் மணம் வருகிறதா என்று பார்க்கலாமே என்றார் தனாதிகாரி. அது இன்றைய நிலைமையை மட்டும்தான் காட்டும் என்று தலைவர் தள்ளுபடி செய்தார். கடைசியில், ‘புதிய உறுப்பினர் குடித்தாரா இல்லையா என்ற விடயம் வழிமொழிவார் இன்மையால் கைவிடப்பட்டது’ என்று எழுதினார்கள். இந்த எழுத்தைக் கொண்டுபோய் உங்கள் அம்மாவிடம் எப்படிக் கொடுப்பது?

கணக்காய்வாளர்தான் வழி சொன்னார். மெலிந்த மனிதர், எந்த நேரமும் பீடி. “நீர் வழமையாக் குடிக்கிறது எங்கை?”

“எங்கட ஊர்த் தவறணையில.”

“அப்ப அந்தத் தவறணைக்காரரிட்டை ஒவ்வொரு கிழமையும் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாரும். நீர் அங்கை வரேல்லை எண்டு அவரைவிட வேற ஆருக்குத் தெரியும்?”

ஏகமனதாக நிறைவேறியது.

தவறணைக்காரர் யோசித்து யோசித்து எழுதினார். “மேற்படி நபர் இவ்வாரம் எமது நிலையத்துக்குச் சமூகமளிக்கவில்லை என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன்.” கீழே கையெழுத்து, அதற்கு மேல் முத்திரை.

“அந்த வருத்தத்தை எடுத்துவிட ஏலாதோ?”

“கடிதம் எண்டால் அப்பிடித்தானே அண்ணை எழுதிறது. எனக்கு வருத்தமும்தானே.”

இதில் இருந்த பிசகை ஏழு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. தவறணைக்குப் போகவில்லை என்று கடிதம் வாங்க, வியாழக்கிழமை தோறும் நான் தவறணைக்குப் போகவேண்டும். வேலிக்கு வெளியில் நின்றால் வந்ததாகாது என்று நானும் அவரும் முடிவு செய்தோம். அவர் வேலிக்கு மேலால் கடிதத்தைத் தருவார், நான் மூச்சை அடக்கி வாங்கிக்கொண்டு போவேன். நாலு வியாழன் அப்படிப் போனது. வெள்ளிக்கிழமை மாமா வீட்டு ஒழுங்கையால் போகும்போது நீங்கள் மூவரும் வாசல் படலையில் நிற்பீர்கள். சாக்கில் என்ன என்று சின்னவன் கேட்பான். தேங்காய் என்பேன். எல்லாம் எங்களுக்கோ என்பான். ஊராருக்கு என்பேன்.

ஐந்தாம் வியாழன் மழை. கடிதம் எழுதிக் கையெழுத்தும் வைத்தாயிற்று, முத்திரைக்கு மை இல்லை. “கடையில வாங்கிக்கொண்டு ஓடி வாறன். மழையில நனையாமல் உள்ளுக்கு வந்து இருங்கோ, அண்ணை,” என்று அவர் போய்விட்டார். உள்ளே வாங்கில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி இடம் விட்டார். தன் பிளாவையும் என் பக்கம் தள்ளினார். நான் பட்டணத்துப் பேச்சாளரை நினைத்தேன், உங்களை நினைத்தேன், அம்மாவை நினைத்தேன், எல்லாரையும் நினைத்துக்கொண்டே குடித்தேன். மூன்று பிளா.

தவறணைக்காரர் மையோடு வந்து முத்திரையைக் குத்திவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தார். கடிதத்தை மடித்து என் கையில் வைத்தார். “நான் எழுதேக்கை நீங்கள் குடிக்கேல்லைத்தானே, அண்ணை. அப்ப கடிதம் பொய்யில்லை,” என்றார் பிறகு. அவர் எனக்காகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எப்படியும் சொல்லிவிடுவதென்று போனேன். வாடைக் காற்று, கடல் கொந்தளிப்பு. புங்குடுதீவிலிருந்து வருகிற இரண்டு பேரும் வரவில்லை. செயலாளர் வாசலிலேயே என் கடிதத்தை வாங்கிக் கடிதக் கோவையில் போட்டுவிட்டார். உள்ளே நாங்கள் நாலு பேர். ஐந்தாமவரான கணக்காய்வாளர் வந்திருந்தார், ஆனால் குடித்திருந்தார். குடித்தவர் கூட்டத்துக்குள் வரக்கூடாதென்று யாப்பு. ஆகவே அவர் வெளியில் நின்று சன்னல் கம்பிக்கிடையால் தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

“நாலு பேர். நிறைவெண் இல்லை,” என்றார் செயலாளர்.

“ஐஞ்சு பேர். நான் நிக்கிறன்தானே!”

“நீர் வெளியில நிக்கிறீர், காணும்.”

“என்ர தலை உள்ளுக்குத்தானே கிடக்கு. கையையா எண்ணுறனீங்கள், காலையா எண்ணுறனீங்கள்? தலையைத்தானே எண்ணுறனீங்கள்?”

தலைவர் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். உடம்பின் பெரும்பகுதி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆளும் என்று தீர்ப்புச் சொன்னார். கூட்டம் இல்லை. பிறகு கணக்காய்வாளரின் தலையை வெளியே எடுக்க நாலு பேரும் சேர்ந்து காதை மடித்துத் தள்ளவேண்டியிருந்தது.

அதெல்லாம் முடிந்தபின் நான் எழும்பிச் சொன்னேன். “ஐயா, நான் நேற்றுக் குடிச்சிட்டன்.”

செயலாளர் பேனையை மூடினார். “இப்ப இது கூட்டம் இல்லை. மழைக்கு ஒதுங்கின நாலு பேர் கதைச்சுக்கொண்டிருக்கிறம். நான் பதிய ஏலாது.”

“அப்ப அடுத்த வெள்ளி சொல்லட்டோ?”

“அடுத்த வெள்ளி அதுக்கு முந்தின ஏழு நாளைத்தான் சொல்லலாம். யாப்பில அப்பிடித்தான் கிடக்கு. கடிதம் தந்தனீர், கடிதம் கோவையில ஏறிட்டுது.”

வெளியிலிருந்து கணக்காய்வாளர், “அப்ப எனக்கும் அதுதானே சட்டம்?” என்று சந்தோசமாகக் கேட்டார்.

திரும்பி வரும்போது வள்ளத்தில் எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். குடித்தது எழுத்தில் இல்லை. கரையில் இறங்கிச் சைக்கிளை எடுத்தபோது அந்தச் சந்தோசத்தைக் காணவில்லை.

அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை. மார்கழிக் கடைசியில் சங்கம் எனக்கு ஒரு நற்சான்றிதழ் தந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடம் துவங்க ஒரு கிழமை இருந்தது. அம்மா விறாந்தையில் நின்றபடியே வாசித்தார். மாமா கதிரையில் இருந்தார்.

“‘கடந்த அறுபது நாட்களுக்கு மேலாக இவர் மதுபானம் அருந்தியதாகச் சங்கத்தின் பதிவேட்டில் எவ்விதப் பதிவும் இல்லை.’” அம்மா இரண்டாம் தரமும் வாசித்தார். “குடிக்கேல்லை எண்டு எழுதினால் ஒரு சொல்லோட முடிஞ்சிருக்கும். ஏன் உப்பிடிச் சுத்தி எழுதியிருக்கினம்?”

“சங்கத்து முறை அப்பிடி.”

“முறையை விடுங்கோ. குடிச்சனீங்களோ?”

பதிவேட்டில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் மூவரும் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியும், சின்னவனின் கால் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மழை, மை, மூன்று பிளா, சன்னலுக்குள் தலை.

அம்மா நம்ப முடியாமல் பார்த்தார். “ஐஞ்சு பேர் இல்லாட்டில் குடிச்சது குடிக்காததாப் போமோ?”

“யாப்பின்படி...”

“யாப்பு!”

மாமா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். “மச்சான், அந்தக் கடதாசியைக் குடுத்திட்டுப் பேசாமல் நிண்டிருக்கலாமே.” என்னை வீட்டுக்கே எடுக்கக்கூடாதென்று இருந்த மனிதர் சொன்னது அது.

“அண்டையிலையிருந்து எண்ணினால் எத்தனை நாள்?” என்று அம்மா கேட்டார்.

“முப்பத்தெட்டு.”

“அப்ப இன்னும் இருபத்திரண்டு கிடக்கு.”

“பள்ளிக்கூடம் அடுத்த கிழமை துவங்குது.”

“துவங்கட்டும். பிள்ளையளை இங்கைதான் பதியிறன்.” அம்மா மாமாவின் பக்கம் திரும்பினார். “ஒரு தவணைக்கு, அண்ணை. சித்திரை லீவு வரைக்குந்தான்.” மாமா தலையாட்டினார். அம்மா என்னைப் பார்த்து, “உந்தத் தவறணைக்கு இனிக் கடிதம் வாங்கப் போகவேண்டாம். வெள்ளிக்கிழமை போற வழியில இங்கை இறங்குங்கோ, நான் எழுதித்தாறன்,” என்றார்.

“உமக்கு எப்பிடித் தெரியும்? நான் சுருவிலில, நீர் இங்கை.”

“பன்ரண்டு வருசமாப் பாக்கிற முகம். எனக்குத் தெரியும்.”

சங்கத்தில் இதற்கு ஒரு முழுக் கூட்டம் போனது. மனைவி உறவுக்காரச் சாட்சி, செல்லாது என்றார் செயலாளர். அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த தலைவர் விழித்து, “தவறணைக்காரனை நம்பினம். மனுசியை நம்ப ஏலாதோ?” என்று கேட்டார். அதோடு முடிந்தது.

சபைக்கு வருகிற கடிதங்களை முழுமையாக வாசிக்கவேண்டும் என்பது விதி. ஆகவே அம்மாவின் முதல் கடிதத்தைச் செயலாளர் எழுந்து நின்று வாசித்தார். “இவர் இந்தக் கிழமை குடிக்கவில்லை. இரவில் சமைக்கிறதில்லைப் போல் தெரிகிறது. சங்கத்தார் கேட்டுச் சொல்லவும்.” ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சமைப்பதாக முன்மொழிந்தேன், ஒருவரும் வழிமொழியவில்லை. அடுத்தது: “குடிக்கவில்லை. சேட்டில் இரண்டு தெறி இல்லை. தைத்து அனுப்பியிருக்கிறேன்.” போகப் போக, நான் கதவால் உள்ளே வரும்போதே உபதலைவர், “அக்கா என்ன எழுதியிருக்கிறா?” என்று கேட்கத் தொடங்கினார். கணக்காய்வாளர் இரண்டு கூட்டமாகச் சன்னலுக்கு வெளியே நிற்கவில்லை, உள்ளே வந்து முன்வாங்கில் இருந்தார். வெளியில் நின்றால் சரியாகக் கேட்காதாம்.

இருபத்திரண்டு நாள் எப்போதோ முடிந்துவிட்டது. அம்மா எழுதுவதை நிறுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. தவணை முடிகிற கிழமை வந்த கடிதத்தில் இரண்டே வரி: “இவர் குடிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் பிள்ளைகளும் வீட்டுக்குப் போகிறோம்.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “முதல் வசனத்தைப் பதியலாம். ரெண்டாவது குடும்ப விசயம். சங்கத்துக்கு அதிகாரம் இல்லை.”

நான் எழும்பி, அதையும் பதியவேண்டும் என்று முன்மொழிந்தேன். வழிமொழியப் பல கை ஒன்றாக எழும்பியதில் யாருடைய பெயரை எழுதுவதென்று செயலாளருக்குப் பெரிய பிரச்சினையாகிவிட்டது. அதைத் தீர்த்து முடிப்பதற்குள் என் வள்ளம் போய்விட்டது, அடுத்த வள்ளத்துக்குத் துறையில் நின்றேன்.

சித்திரை மாதம் மாமா தானே கார் பிடித்து உங்களைக் கொண்டுவந்து இறக்கினார். நீங்கள் புத்தகங்களை எறிந்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடினீர்கள். அம்மா நேரே குசினிக்குள் போனார். பானையெல்லாம் ஏன் இப்படிக் கரி பிடித்துக் கிடக்கிறது, அம்மிக்கு அடியில் இந்த எறும்புப் புற்று எப்போது வந்தது, இத்தனை மாதமாக இந்த மனுசன் எதைத்தான் கழுவியது என்று பேசத் தொடங்கினார். நான் வெளியில் நின்று கேட்டேன். பின்னேரம் வரை அவர் நிறுத்தவில்லை. நானும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.